பிளானோ மில்லருக்குப் பெரிய சர்வோ மோட்டார்: 11 கிலோவாட் வேணுமா, 5 போதுமா?

பேட்டை_ரீட்ரோஃபிட்

எல்லாருக்கும் வணக்கம். பழைய பிளானோ மில்லர் (நீண்ட டேபிள் முன்னும் பின்னும் ஓடும் பெரிய மில்லிங் மிஷின்) ஒன்றை சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மிஷின்) ஆக்கும் வேலை. டேபிள் 4 டன், அதன் மேல் ஏறும் ஜாப் அதிகபட்சம் 3 டன். பாக்ஸ் வே (தட்டையான சறுக்குத் தளம்), டேபிளின் அடியில் டர்சைட் (உராய்வைக் குறைக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டிச் சுரண்டியாச்சு. டேபிள் ஓட்டம் 3.2 மீட்டர். டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூ 63 மி.மீ. விட்டம், லீடு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 10 மி.மீ., நீளம் 4 மீட்டர் என்று திட்டம், இன்னும் ஆர்டர் போடவில்லை. ஒரு முனை ஃபிக்ஸட், மறு முனை வெறும் சப்போர்ட். மோட்டாரிலிருந்து ஸ்க்ரூவுக்கு 2:1 பெல்ட். ரேபிட் (வெட்டாமல் நகரும் வேகம்) நிமிஷத்துக்கு 10 மீட்டர் வேண்டும். வெட்டுவது வார்ப்பிரும்பும் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ஃபேப்ரிகேஷனும். கட்டிங் ஃபோர்ஸ் 8000 நியூட்டனுக்குள் வரும்.

டேபிளை நகர்த்தும் பழைய ஃபீட் மோட்டார் 10 எச்பி. அதற்குப் பதில் சர்வோ (டிரைவ் என்ற மின் கட்டுப்பாட்டுப் பெட்டி நிலையையும் வேகத்தையும் கண்காணித்து ஓட்டும் மோட்டார்). "எதுக்கும் இருக்கட்டும், 11 கிலோவாட் சர்வோ போடுங்க" என்கிறார் டீலர். இன்னொரு கொட்டேஷன் 5 கிலோவாட். விலை பாதிக்குப் பாதி. எதை நம்புவது? செங்குத்தாக ஏறி இறங்கும் ராம் 1200 கிலோ, அதற்கும் சர்வோதான்.

நெல்லை_மெக்கானிக்கல்

அண்ணாச்சி, மோட்டாரை அப்புறம் பார்ப்போம், முதல்ல ஸ்க்ரூவைப் பாருங்க. லீடு 10-ல 10 மீட்டர் ரேபிட்னா ஸ்க்ரூ 1000 ஆர்பிஎம் சுத்தணும். 4 மீட்டர் கம்பி அந்த வேகத்துல கயிறு மாதிரி ஆடிரும்.

ஸ்க்ரூ ஆடாம சுத்தக்கூடிய வேக வரம்புக்குக் கணக்கு இதுதான்: ரூட் விட்டத்தை (மரைப் பள்ளத்துல அளந்த விட்டம்) 15.1-ஆல பெருக்கி, தாங்கு தூரத்தோட வர்க்கத்தால வகுத்து, ஒரு கோடியால பெருக்கணும். அளவெல்லாம் மி.மீ.-ல. 15.1-ங்கிறது ஃபிக்ஸட்-சப்போர்ட் மவுண்டிங்குக்கு. 20 சதவீதப் பாதுகாப்பு அதுக்குள்ளயே இருக்கு. ரூட் 57, தாங்கு தூரம் 3700 வச்சா 630 ஆர்பிஎம் கிட்ட வருது. ரெண்டு முனையும் ஃபிக்ஸட் பண்ணினா 15.1-க்குப் பதிலா 21.9, அப்பவும் 910-தான். 1000 எட்டாது. நீங்க 11 கிலோவாட் போட்டாலும் 20 கிலோவாட் போட்டாலும் இது மாறாது.

லீடு 20 எடுங்க. அதே 10 மீட்டருக்கு 500 ஆர்பிஎம் போதும். ரூட் கொஞ்சம் குறைஞ்சு 55 ஆனாலும் வரம்பு 600-க்கு மேல நிக்கும். பெல்ட் 2:1-க்குப் பதிலா 4:1 வச்சுக்கிட்டா மோட்டார் ஒரு சுத்துக்கு டேபிள் நகர்றது அதே 5 மி.மீ.-தான், மோட்டார் வேகமும் அதே 2000.

பேட்டை_ரீட்ரோஃபிட்

நல்ல வேளை, ஆர்டர் போடவில்லை. ஆனால் லீடு கூடினால் மோட்டார் மேல் லோடு கூடாதா?

நெல்லை_மெக்கானிக்கல்

பெல்ட்டையும் 4:1 ஆக்குறதால கூடாது, குறையும். 63 மி.மீ., 4 மீட்டர் கம்பின்னா கிட்டத்தட்ட 100 கிலோ. அதோட இனர்ஷியா (சுத்துற வேகம் மாறுறதை எதிர்க்கிற அளவு) 0.049 கிலோ சதுர மீட்டர். லீடு 10-ல உங்க ஏழு டன் டேபிளும் ஜாபும் சேர்ந்து ஸ்க்ரூவுல காட்டுற இனர்ஷியா 0.018-தான். அதாவது டேபிளை விட ஸ்க்ரூவைச் சுத்தவே மோட்டார் மூணு மடங்கு கிட்ட பாடுபடும். பலரும் டேபிள் எடையை மட்டும் போட்டுக் கணக்கை முடிச்சிருவாங்க, தப்பு அங்கதான்.

இப்ப மோட்டார் பக்கம் பாருங்க. லீடு 10, 2:1 வச்சா மொத்தம் 0.0166. லீடு 20, 4:1 வச்சா டேபிள் பங்கு அதே 0.0044, ஸ்க்ரூ பங்கு 16-ஆல வகுபட்டு 0.003. மொத்தம் 0.0075. பாதிக்கும் கீழ. புல்லி, கியர்பாக்ஸோட இனர்ஷியாவை மேல சேர்த்துக்கங்க.

கங்கைகொண்டான்_மெயின்டனன்ஸ்

அண்ணாச்சி சொன்ன லீடு 20, 4:1 அமைப்பிலேயே டார்க் (சுழற்று விசை) கணக்கையும் முடித்துவிடலாம்.

உராய்வு: டர்சைட்டுக்கு 0.1 வைத்தால் 7000 × 9.81 × 0.1, சுமார் 6900 நியூட்டன். வெட்டும்போது 8000 சேர்ந்து 14,900. இதை 0.005 மீட்டரால் பெருக்கி, 2π-யாலும் மொத்த எஃபிஷியன்சி 0.855-ஆலும் வகுத்தால் 13.8 நியூட்டன் மீட்டர். இதுதான் மணிக்கணக்கில் ஓடும் டார்க்.

ரேபிட்டில் 0.2 நொடியில் முழு வேகம் எடுக்க வேண்டுமென்றால்: லோடுக்கு 9, மோட்டாரின் சொந்த ரோட்டாருக்கு 6 (ரோட்டார் இனர்ஷியா 0.006 என்று வைத்து), உராய்வுக்கு 6.4. மொத்தம் சுமார் 22. புல்லியையும் சேர்த்து 24 என்று வையுங்கள். இது சில நூறு மில்லி செகண்ட் மட்டும் வரும் பீக்.

ஆக, கன்டினியூஸ் 14, பீக் 24. காகிதத்தில் 3 கிலோவாட்டே போதும்போல் தெரியும். ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது. ஸ்லைடு ஆயில் லைன் ஒன்று அடைத்தாலோ, கிப் (சறுக்குத் தளத்தின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கமாகப் போனாலோ உராய்வு 0.15 ஆகும், அப்போது டார்க் தேவை 17. மோட்டார் ரேட்டிங் என்பது 40 டிகிரி அறையில், குறிப்பிட்ட அளவுள்ள அலுமினியத் தகட்டில் பொருத்தி எடுத்த எண். நம் ஊரில் சித்திரை வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரி சாதாரணமாகத் தாண்டும். கியர்பாக்ஸில் மாட்டிய மோட்டாருக்கு ஃபிளாஞ்ச் வழியாக வெப்பம் அவ்வளவாகப் போகாது, கியர்பாக்ஸே சூடாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 20 சதவீதம் கழித்தால், 17 தேவைக்கு 21 ரேட்டட் உள்ள மோட்டார் வேண்டும்.

2000 ஆர்பிஎம் ரேட்டட், 5 கிலோவாட் மோட்டார் 23.9 நியூட்டன் மீட்டர் தரும். உங்கள் இரண்டாவது கொட்டேஷன்தான் சரி. ஆனால் அதில் ரேட்டட் வேகம் என்ன போட்டிருக்கிறது?

பேட்டை_ரீட்ரோஃபிட்

3000 ஆர்பிஎம்.

கங்கைகொண்டான்_மெயின்டனன்ஸ்

அப்படியென்றால் அது வேண்டாம். கிலோவாட்டை வைத்து சர்வோ வாங்கக் கூடாது என்பது இதனால்தான். அதே 5 கிலோவாட் 1500-ல் 32 நியூட்டன் மீட்டர், 2000-ல் 24, 3000-ல் வெறும் 16. பெயர்ப்பலகையில் மூன்றும் "5 கிலோவாட்". உங்கள் வெட்டு நடப்பது நிமிஷத்துக்கு 1, 2 மீட்டரில். அப்போது மோட்டார் 200 முதல் 400 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். அங்கே கிலோவாட்டுக்கு வேலையே இல்லை, டார்க் மட்டுமே பேசும். கொட்டேஷனில் ஸ்டால் டார்க் (சுற்றாமல் நிற்கும்போது தரும் டார்க்), ரேட்டட் டார்க், பீக் டார்க், ரோட்டார் இனர்ஷியா நான்கையும் எழுதிக் கேளுங்கள். டார்க்-ஸ்பீடு வளைகோட்டையும் கேளுங்கள், நீங்கள் வாங்கும் டிரைவோடு சேர்த்து எடுத்த வளைகோட்டை. சின்ன டிரைவோடு பெரிய மோட்டாரை இணைத்து விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். பீக் டார்க் அங்கேதான் காணாமல் போகும்.

வள்ளியூர்_லேத்

11 கிலோவாட் போட்டால் என்ன கெட்டுப்போகும்? பெரிசு இருந்தால் சூடாகாமல் ஓடும்தானே? பழைய மோட்டாரே 10 எச்பி ஆச்சே.

நெல்லை_மெக்கானிக்கல்

தம்பி, பழைய 10 எச்பி இண்டக்ஷன் மோட்டாரு, கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போனது. அது அந்தக் காலத்து நஷ்டத்தையும் சேர்த்துப் போட்ட எண். அதை அப்படியே சர்வோவுக்கு மாத்தக் கூடாது.

பெரிசு வாங்கினா ரோட்டார் கனமாகும், பாதி டார்க் தன்னையே சுத்தப் போகும். அதை விடப் பெரிய ஆபத்து மோதல். 5 கிலோவாட் மோட்டாரே பீக்ல மூணு மடங்கு, அதாவது 72 நியூட்டன் மீட்டர் தரும். உங்க 5 மி.மீ. கணக்குக்கு அது டேபிளைத் தள்ளுற விசை எட்டு டன்னுக்குக் கிட்ட. டூல் ஜாப்ல முட்டினா எட்டு டன்னும் பால் நட்டுலயும் த்ரஸ்ட் பேரிங்லயும்தான் இறங்கும். 11 கிலோவாட்னா அதுக்கும் மேல. அதனால எந்த மோட்டார் வாங்கினாலும் டிரைவ்ல டார்க் லிமிட்டை ரேட்டட்ல 150 சதவீதத்துக்கு இறக்கி வைங்க. 36 நியூட்டன் மீட்டர், நாலு டன் விசை. உங்க பீக் தேவை 24-தான், ஓட்டத்துக்குக் குறை வராது. இந்த ஒரு பாராமீட்டர் ஒரு ஸ்க்ரூவைக் காப்பாத்தும்.

தூத்துக்குடி_பேனல்

மெக்கானிக்கல் பேச்சு நன்றாகப் போகிறது. ஆனால் பெரிய சர்வோ பழுதாவது பெரும்பாலும் கரெண்டாலும் சூட்டாலும் எர்த்தாலும்தான்.

முதலில் வோல்டேஜ். நம் லைன் 415. 200 வோல்ட் வகை டிரைவ் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பேனலில் இன்னொரு அடுப்பு. 5 கிலோவாட்டுக்கு மேல் 400 வோல்ட் வகையே எடுங்கள். அதிலும் 380 முதல் 480 வரை எழுதியிருப்பது வேண்டும். ராத்திரி லோடு குறையும்போது லைன் 440-க்கு மேல் ஏறும் இடங்கள் உண்டு. 400 என்று மட்டும் எழுதியது அங்கே ஓவர் வோல்டேஜ் அலாரம் அடிக்கும். முன்னால் 3 சதவீத லைன் ரியாக்டர் போடுங்கள். கெப்பாசிட்டர் பேங்க் ஸ்விட்ச் ஆகும்போது வரும் அடியை அது தாங்கும். சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். ஐப்பசி இடிக்கு இன்புட் டயோடு முதலில் போகும்.

எர்த். என்கோடர் (மோட்டாரின் கோணத்தை அளக்கும் கருவி) கம்யூனிகேஷன் அலாரம் கோடையில் மட்டும் வருகிறது, மழை பெய்தால் போய்விடுகிறது என்றால் மோட்டாரைக் கழற்றாதீர்கள், எர்த் பிட்டைப் பாருங்கள். மண் காய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் எகிறும். திசையன்விளை, உடன்குடி பக்கம் தேரி மண்ணில் சாதாரண உப்பு-கரி பிட் கோடையில் நிற்காது. பென்டோனைட் நிரப்பி ஆழமாகப் போட வேண்டும். மிஷினுக்கென்று தனி பிட், 2 ஓமுக்குக் கீழே, ஏப்ரலில் அளந்து பாருங்கள். மார்கழியில் அளந்த எண் எதற்கும் உதவாது. பிறகு மிஷின் பாடி, பேனல், மோட்டார் மூன்றும் ஒரே பாரில் சேர வேண்டும்.

மோட்டார் பவர் கேபிள் ஷீல்டு உள்ளதாக, இரு முனையிலும் ஷீல்டைச் சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் போட்டு. ஷீல்டை முறுக்கி வால்போல் நீட்டி ஒரு ஸ்க்ரூவில் மாட்டுவது பாதி வேலைதான். என்கோடர் கேபிளும் பவர் கேபிளும் ஒரே டிரேயில் போகக் கூடாது, 200 மி.மீ. இடைவெளி வேண்டும். டிராக் செயினுக்குள் சாதாரண கேபிள் போட்டால் சில மாதத்தில் உள்ளே கம்பி அறும். ஃபிளெக்ஸ் கேபிள், வளைவு ஆரம் கேபிள் விட்டத்தில் பத்து மடங்காவது.

பேனல் சூடு. ஃபேன்-ஃபில்டர் வைத்தால் உள்ளே வெளிக் காற்றை விடக் குளிராது. வெளியே 42 என்றால் உள்ளே 50 தாண்டும். பேனல் ஏசி போடுங்கள், ஆனால் 35 டிகிரிக்குக் கீழே செட் பண்ண வேண்டாம். குளிர்ந்த பேனல் கதவைத் திறந்ததும் போர்டு வியர்க்கும். ஆனி, ஆடி கச்சான் காற்றில் கங்கைகொண்டான், நாங்குநேரி பக்கம் புழுதி கண்ணை மறைக்கும். அந்த இரண்டு மாதமும் ஃபில்டரை வாரம் ஒரு தடவை தட்டுங்கள். தூத்துக்குடி உப்புக் காற்றில் இருப்பவர்கள் போர்டுக்குக் கோட்டிங் போட்ட வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

வள்ளியூர்_லேத்

பிரேக் ரெசிஸ்டர்?

தூத்துக்குடி_பேனல்

வேகம் குறையும்போது டிரைவுக்குத் திரும்பி வரும் எனர்ஜியைச் சூடாக்கி வெளியேற்றுவது அது. டேபிள் மோட்டாருக்கு, டிரைவுக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டரே போதும். முழு வேகத்தில் ஏழு டன் டேபிளில் இருக்கும் எனர்ஜி 100 ஜூல்கூட இல்லை. ஸ்க்ரூ, ரோட்டார் எல்லாம் சேர்த்தால் 300 ஜூல். எடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகம்தான் வர்க்கமாக ஏறும்.

ராம் வேறு விஷயம். 1200 கிலோ 600 மி.மீ. இறங்கினால் 7000 ஜூல். ஒவ்வொரு இறக்கத்திலும் அது டிரைவுக்குள் திரும்பி வரும். அதற்கு வெளி ரெசிஸ்டர், பேனலுக்கு வெளியே, கூரைப் பக்கம்.

கங்கைகொண்டான்_மெயின்டனன்ஸ்

ராம் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஆள் கை வைக்கும் இடம்.

மோட்டார் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. என்ற கணக்கில் 1200 கிலோவைச் சும்மா தாங்கவே 9.4 நியூட்டன் மீட்டர். மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது கரெண்ட் ஒரே ஃபேஸில் தங்கி அந்தச் சுருள் மட்டும் வேகும். அதனால் ஹைட்ராலிக் அல்லது நைட்ரஜன் கவுண்டர் பேலன்ஸ் சிலிண்டர் வைத்து பாதி எடைக்கு மேல் தூக்கிவிடுங்கள். மோட்டார் அப்போதுதான் நீடிக்கும்.

மோட்டாருக்குள் இருக்கும் பிரேக், நின்றதைப் பிடித்து வைக்க மட்டும். ஓடுவதை நிறுத்த அதைப் பயன்படுத்தினால் லைனிங் சீக்கிரம் தேய்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பிரேக் பிடித்து முடிய 100 மில்லி செகண்ட் அளவு ஆகும். அதுவரை சர்வோ ஆனில் இருக்க வேண்டும். டிரைவில் இதற்கு டிலே பாராமீட்டர் இருக்கிறது. அது பூஜ்யமாக இருந்தால் ஒவ்வொரு எமர்ஜென்சிக்கும் ராம் சில மி.மீ. சறுக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: ராமுக்கும் பெல்ட் போடுவதாக இருந்தால், பெல்ட் அறுந்தால் மோட்டார் பிரேக் மோட்டாரைத்தான் பிடிக்கும், ராமைப் பிடிக்காது. ஸ்க்ரூ முனையில் தனியாக ஒரு பிரேக் வையுங்கள், அல்லது பெல்ட்டே இல்லாமல் கப்ளிங்கில் நேராக மாட்டுங்கள். கீழே ஆள் நின்று டூல் மாற்றும் மிஷினில் இதில் சமரசம் கிடையாது.

பேட்டை_ரீட்ரோஃபிட்

ராமுக்கு நேரடிக் கப்ளிங், கவுண்டர் பேலன்ஸ் சிலிண்டர் இரண்டும் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். டேபிளுக்கு 4:1 பெல்ட்டா, பிளானட்டரி கியர்பாக்ஸா? இன்னொன்று, மோட்டார் மேக் எது?

நெல்லை_மெக்கானிக்கல்

பிளானட்டரி. 4:1 பெல்ட்னா 8 மி.மீ. பிட்ச்ல 28-க்கு 112 பல்லு; பெரிய புல்லி 285 மி.மீ. வந்துரும், இடமும் பிடிக்கும், எடையும் கூடும். பிளானட்டரியில பேக்லாஷ் (பல்லுக்கு நடுவுல உள்ள தளர்வு) பத்திக் கவலை வேண்டாம்: 3 ஆர்க் மினிட் கியர்பாக்ஸ் 20 லீடு ஸ்க்ரூவுல 3 மைக்ரான் கூட வராது. டேபிள்ல லீனியர் ஸ்கேல் (டேபிள் நிலையை நேரடியா அளக்குற கருவி) போட்டா அதுவும் போச்சு.

மாட்டும்போது: கீ இல்லாத வழவழ ஷாஃப்ட், கிளாம்ப் கப்ளிங். முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்கிற இடத்துல கீவே தேஞ்சு தளரும். ஷாஃப்ட்டைச் சுத்தியலால தட்டவே கூடாது, பின்னால என்கோடர்ல கண்ணாடித் தட்டு இருக்கு. ஷாஃப்ட் நுனியில மரை போட்ட ஓட்டை இருக்கும், அதுல போல்ட் விட்டு இழுத்து மாட்டணும். மோட்டார் ஷாஃப்ட்டுக்கு ஆயில் சீல் தனியாக் கேட்டு வாங்கணும். ஐபி 67-ன்னு (தூசி, தண்ணி புகாதுங்கிற தரக் குறி) எழுதியிருந்தாலும் ஷாஃப்ட் வெளியே வர்ற இடம் அதுல சேராது. சீல் இல்லாட்டி கியர்பாக்ஸ் ஆயில் மெதுவா உள்ள இறங்கி வைண்டிங்கைக் கெடுக்கும். கனெக்டர் கீழ் நோக்கி இருக்கணும், கேபிள் ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல போகணும். இல்லாட்டி கூலண்ட் கேபிளைப் பிடிச்சே உள்ள வந்துரும்.

கங்கைகொண்டான்_மெயின்டனன்ஸ்

மேக் பற்றி: முதலில் கன்ட்ரோலரை முடிவு பண்ணுங்கள், மோட்டார் தானாக முடிவாகும். ஃபனுக் கன்ட்ரோலர் என்றால் ஃபனுக் மோட்டார், டிரைவ்தான். சீமென்ஸுக்கும் அவர்கள் குடும்பமே நல்லது. பொதுக் கன்ட்ரோலர் என்றால் ஈதர்கேட் (கன்ட்ரோலரையும் டிரைவையும் இணைக்கும் நெட்வொர்க்) வைத்த யாஸ்காவா, மிட்சுபிஷி, டெல்டா எதுவும் பொருந்தும். இந்த அளவுக்கு மேல் நான் பார்ப்பது இவைதான்: மாற்று டிரைவ் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஸ்டாக்கில் இருக்கிறதா, ஒரு ராத்திரி பஸ்ஸில் போட்டால் காலையில் வந்து சேருமா, அந்த மாடல் உற்பத்தியில் இருக்கிறதா, நிறுத்தப்போகிறார்களா, பாராமீட்டர் மென்பொருள் நம் கைக்குத் தருவார்களா. மிஷின் பத்து நாள் நின்றால் போகும் பணம் மேக்குகளுக்கு இடையிலான விலை வித்தியாசத்தை விடப் பெரியது.

வள்ளியூர்_லேத்

பழைய மார்க்கெட்டில் நல்ல மேக் மோட்டார் பாதி விலைக்கு வருகிறதே, அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

தூத்துக்குடி_பேனல்

மோட்டாரை டிரைவிலிருந்து கழற்றிய பிறகு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸுக்கும் பாடிக்கும் பார்க்க வேண்டும். 10 மெகாஓமுக்கு மேல் நல்லது, 1-க்குக் கீழே என்றால் தொட வேண்டாம். டிரைவ் மாட்டியிருக்கும்போது மெக்கர் போட்டால் டிரைவ் செத்துவிடும். என்கோடர் பின்களில் மெக்கர் வைக்கவே கூடாது.

அடுத்தது காந்தம். அதிகச் சூடு பட்ட மோட்டாரில் காந்தம் பலம் இழந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. லேத் சக்கில் ஷாஃப்ட்டைப் பிடித்து, மோட்டார் பாடி சுற்றாதபடி கட்டி, 500 ஆர்பிஎம்மில் சுற்றி மூன்று ஃபேஸுக்கு இடையிலும் ஏசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். கேட்டலாக்கில் 1000 ஆர்பிஎம்முக்கு 120 வோல்ட் என்றிருந்தால் 60 வர வேண்டும். மூன்றும் சமமாக இல்லாவிட்டால் வைண்டிங் கோளாறு. மூன்றும் சமமாக 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காந்தம் போய்விட்டது, அந்த மோட்டார் அதே டார்க்குக்குக் கூடுதல் கரெண்ட் இழுத்து இன்னும் சூடாகும். பிரேக் உள்ள மோட்டார் என்றால் சுற்றும் முன் பிரேக்குக்கு 24 வோல்ட் டிசி கொடுக்க மறக்க வேண்டாம்.

ரீவைண்ட் பண்ணிய மோட்டார் என்றால் என்கோடர் கோணத்தைத் திரும்ப ஒட்டவைத்தார்களா என்று கேளுங்கள். கோணம் தப்பினால் மோட்டார் ஓடும், ஆனால் டார்க் வராது, கரெண்ட் மட்டும் ஏறும்.

பேட்டை_ரீட்ரோஃபிட்

புது மோட்டாரே வாங்குகிறேன். முடிவு: ஸ்க்ரூ 63, லீடு 20. பிளானட்டரி 4:1, 3 ஆர்க் மினிட். டேபிளுக்கு 5 கிலோவாட், 2000 ஆர்பிஎம், 400 வோல்ட் வகை, ஆயில் சீலோடு, வழவழ ஷாஃப்ட். ராமுக்கு பிரேக் மோட்டார், நேரடிக் கப்ளிங், கவுண்டர் பேலன்ஸ், வெளி ரெசிஸ்டர். எர்த் பிட் இந்த வாரமே தோண்டச் சொல்லியாச்சு. முதல் தடவை ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நெல்லை_மெக்கானிக்கல்

டார்க் லிமிட்டை முதல்ல 50 சதவீதத்துல வச்சு, ஜாப் இல்லாம, நிமிஷத்துக்கு அரை மீட்டர்ல டேபிளை முனைக்கு முனை ஓட்டுங்க. டிரைவ்ல டார்க் எண்ணைப் பாருங்க. ஓட்டம் முழுக்க ஒரே அளவு வரணும். நடுவுல ஒரு இடத்துல மட்டும் ஏறினா ஸ்க்ரூ அலைன்மென்ட் இல்லாட்டி கிப். டியூனிங்ல அதைச் சரிக்கட்டப் பாக்காதீங்க, மெக்கானிக்கலா முடிச்சுட்டு அப்புறம் கெயின் (பிழையை டிரைவ் எவ்வளவு வேகமாத் திருத்தும்ங்கிற அளவு) ஏத்துங்க. ஜாப் இல்லாத டேபிளுக்கும் 3 டன் ஜாப் ஏத்தின டேபிளுக்கும் தனித்தனியா ஓட்டிப் பாத்து, ரெண்டுலயும் சத்தமில்லாத கெயினை வைங்க.

கங்கைகொண்டான்_மெயின்டனன்ஸ்

கனமான வெட்டில் அரை மணி ஓட்டி எஃபெக்டிவ் லோடை (மோட்டார் சராசரியாக இழுக்கும் டார்க், ரேட்டட்டில் எத்தனை சதவீதம் என்பதை) குறித்து வையுங்கள். 70 சதவீதத்துக்குள் நின்றால் கோடையிலும் ஓடும். அந்த எண்ணை பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருஷம் அதே வெட்டில் 85 காட்டினால் ஸ்லைடு ஆயிலிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம். பேட்டரி வைத்த ஆப்சல்யூட் என்கோடர் என்றால் பேட்டரியை டிரைவ் ஆனில் இருக்கும்போதே மாற்றுங்கள். ஆஃப் பண்ணி மாற்றினால் ஹோம் பொசிஷன் போய்விடும்.